மோதும் புவித்தட்டுகளை ஆராயும் நிலநடுக்கவியலாளர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, சில வேளைகளில் அவசரத்தில் அரைகுறையாகவும் சொல்லிவந்த பதில்களை நிதானமாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. நிலநடுக்கவியலாளர் என்றால் நிலநடுக்கம் எப்போது வரும் என்று சொல்பவர்தானே?

இல்லை. நிலத்தினூடே செல்லும் அதிர்வலைகளைப் பதிவுசெய்து, அவை எங்கே எழுந்தன, எந்தப் பிளவு எந்தத் திசையில் எவ்வளவு நழுவியது, அலைகள் கடந்துவந்த பாறை எப்படிப்பட்டது என்பவற்றைக் கணக்கிடுபவரே நிலநடுக்கவியலாளர். அவர்களில் ஒரு பிரிவினர் மோதும் தட்டுகளை ஆராய்கிறார்கள். இரண்டு கண்டங்கள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் அந்த நெருக்கம் எந்த ஆழத்தில் எவ்வாறு தேங்குகிறது, எவ்வாறு விடுபடுகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. ‘எப்போது’ என்பதைத் தனியே பேச வேண்டும். அதற்கு 10ஆம் பதிலைப் பாருங்கள்.

2. அவ்வளவு பெரிய மோதல் நடக்கிறது என்றால் நமக்குத் தெரியாதா?

மிக மெதுவாக நடப்பதால் தெரிவதில்லை. இந்தியத் தட்டு யுரேசியத் தட்டை நோக்கி ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது, ஒரு சாண் தூரம் போக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இவ்விரண்டுக்கும் இடையே டெத்திஸ் என்னும் கடல் இருந்தது. அதன் தரை வடக்கே சரிந்து பூமிக்குள் சென்று தீர்ந்த பின், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தோடு கண்டம் முட்டத் தொடங்கியது. அந்த நெருக்கத்தில் மடிந்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் உயர்ந்ததுதான் இமயமலை. ஆல்ப்ஸ் மலைகளும் ஈரானின் சாக்ரோஸ் மலைகளும் இதே வகை மோதலால் எழுந்தவை.

ஆண்டுக்கு 5 செ.மீ. என்பதில் சுமார் 2 செ.மீ. இமயமலையின் அடியிலேயே ஏற்கப்படுகிறது. மீதி, திபெத் பீடபூமியிலும் அதற்கு அப்பாலும் பரவிப்போகிறது. இமயத்தின் அடியில் வடக்கு நோக்கிச் சரிந்திருக்கும் பெரும் பிளவுப்பரப்பு உராய்வினால் இறுகிக் கிடப்பதால், அந்த 2 செ.மீ. ஆண்டுதோறும் நழுவாமல் பாறையின் வளைவாகச் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்தது ஒரே நிமிடத்தில் விடுபடும்போது பெருநிலநடுக்கம் நிகழ்கிறது.

3. கடலடியில் ஒரு தட்டு உள்ளே போவதும் மலையில் இரண்டு தட்டுகள் மோதுவதும் ஒன்றுதானா?

உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. கடல்தரை கனமானது, அது மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்னும் பாறை அடுக்குக்குள் எளிதாக அமிழ்ந்து செல்லும். அத்தகைய இடங்களில்தான் 1960இல் சிலியில் 9.5, 2004இல் சுமத்ராவில் 9.1, 2011இல் ஜப்பானில் 9 என்னும் அளவுகளில் பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. அமிழும் தட்டினுள்ளே 700 கி.மீ. ஆழம்வரை நடுக்கம் பதிவாகிறது. கண்டத்தின் மேலோடு இலேசானது, அமிழ மறுப்பது. அதனால் அது தடித்து, நொறுங்கி, பக்கவாட்டில் பிதுங்குகிறது.

மோதல் மண்டலத்தின் நடுக்கங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. ஒரே கோட்டில் நிற்காமல் அகன்ற நிலப்பரப்பில் சிதறுபவை. அவற்றின் நேர் மேலே மக்கள் வாழ்கிறார்கள். இந்துகுஷ் மலைகளின் அடியில் மட்டும் 200 கி.மீ. ஆழத்திலும் நடுக்கங்கள் வருகின்றன. நம் விதிகள் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது என்பதற்கு இதைத்தான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவேன்.

4. இதற்கு என்ன படிக்க வேண்டும்? பள்ளியில் புவியியல் எடுத்தால் போதுமா?

பெயர்க் குழப்பத்தால் பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள். பள்ளியில் நாம் புவியியல் என்று படிப்பது நாடு, நகரம், காலநிலை, மக்கள் என்பவற்றைப் பற்றியது. பாறைகளையும் மலைகளின் அமைப்பையும் படிப்பது நிலவியல். சில பாடநூல்களில் அதற்குப் புவியமைப்பியல் என்று பெயர். பூமியை இயற்பியல் முறைகளால் ஆராய்வது புவி இயற்பியல். நிலநடுக்கவியல் இதன் பிள்ளை.

ஆகவே மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் அவசியம். இளநிலையில் இயற்பியல், கணிதம், நிலவியல் ஆகியவற்றுள் எதையும் எடுக்கலாம். முதுநிலையில் புவி இயற்பியலுக்கு வந்துவிடுவது வழக்கமான பாதை. ஆய்வாளராக வேண்டுமானால் முனைவர் பட்டமும் அதன்பின் சில ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வும் தேவைப்படும். பள்ளி முடித்ததிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

5. எனக்குக் கணக்கு சுமாராகத்தான் வரும். வேறு வழி உண்டா?

கணிதம் இன்றி இத்துறையில் நெடுந்தூரம் போக முடியாது. நுண்கணிதம், அணிகள், ஓர் அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் பகுப்பாய்வு, புள்ளியியல் ஆகிய நான்கும் அன்றாடம் கையில் இருக்க வேண்டியவை. ஆனால் ‘சுமார்’ என்பவர்களில் பலருக்கு உண்மையில் பழக்கம்தான் குறைவு. தேர்வுக்காக ஃபூரியர் தொடரை வெறுத்த ஒருவர், அதே முறையால் ஒரு பதிவிலிருந்து காற்றின் இரைச்சலை நீக்கி, அதற்குள் மறைந்திருந்த சிறு நடுக்கத்தைத் தானே வெளியே எடுத்த அன்று, அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

6. நிலநடுக்கம் வராத நாட்களில் என்ன வேலை இருக்கும்?

நிலநடுக்கம் வராத நாள் என்று ஒன்று கிடையாது. உலகெங்கும் 4க்கு மேற்பட்ட அளவுடையவை மட்டுமே ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். அதற்கும் சிறியவை பன்மடங்கு. யாரும் உணராத 2 அளவு நடுக்கம்கூடப் பிளவு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதால், அதுவும் எங்களுக்கு வேண்டும்.

திரையில் மூன்று கோடுகள் ஓடும்: ஒன்று மேல்-கீழ் அசைவு, மற்ற இரண்டும் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு அசைவுகள். அமைதியான கோட்டில் திடீரென்று ஒரு கூர்மையான துடிப்பு எழும். அது முதன்மை அலை. பாறையில் நொடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் வருவது. சற்றுப் பொறுத்து, கிடைக்கோடுகளில் இன்னும் பெரிதாக மற்றொரு வீச்சு வரும். அது நொடிக்குச் சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டாம் நிலை அலை. இரண்டுக்கும் இடைவெளி 10 நொடி என்றால் நடுக்கம் சுமார் 80 கி.மீ. தொலைவில் நிகழ்ந்திருக்கிறது. குறைந்தது மூன்று நிலையங்களின் தொலைவுகளைச் சேர்த்தால் இடம் கிடைத்துவிடும். நடைமுறையில் பத்து இருபது நிலையங்களைச் சேர்த்துத்தான் ஆழத்தையும் நம்பிச் சொல்கிறோம்.

மீதி நேரம் பெரும்பாலும் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவதிலும், பழுதுபட்ட தரவுகளைப் பிரித்தெடுப்பதிலும், கட்டுரை எழுதுவதிலும், பிறர் கட்டுரையைக் குறைகண்டு திருத்துவதிலும் போகும். கண்காணிப்பு நிலையங்களில் இரவுப்பணியும் உண்டு.

7. எப்போதும் மலையேறிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆண்டில் சில வாரங்கள் களத்துக்குச் செல்வோரே அதிகம். கணினியோடு மட்டும் பணியாற்றிப் பெயர்பெற்றவர்களும் உண்டு. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் ஒரு நிலையத்தையாவது தன் கையால் அமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடுப்பளவு குழி வெட்டி, அடியில் சமதளமாகக் கல் அல்லது சிமெண்டுத் தளம் அமைத்து, அதன்மேல் அதிர்வுமானியை வைத்து, அதன் மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்கும்வரை கருவியின் கால்களைத் திருக வேண்டும். பிறகு அதன் அம்புக்குறியை உண்மையான வடக்குக்குத் திருப்ப வேண்டும். காந்த ஊசி காட்டும் வடக்கு வேறு. அந்த விலக்கத்தைக் கழிக்காமல் நான் ஒருமுறை ஒரு நிலையத்தை மூடிவிட்டு வந்தேன். அந்தப் பருவத்தின் பதிவுகள் முழுவதையும் தொலைதூர நடுக்கங்களோடு ஒப்பிட்டுத் திருப்பிச் சரிசெய்யும்வரை, அவற்றைக் கொண்டு எந்த முடிவும் சொல்ல முடியாமல் நின்றது. நேரமும் அப்படித்தான்: செயற்கைக்கோள் வழியாக வரும் நேரம் கிடைக்காமல் கடிகாரம் ஒரு நொடி பிசகினால், நடுக்கத்தின் இடம் 6 கி.மீ. தள்ளிப்போகும். எல்லாம் சரியாக அமைந்து பதிவு ஓடத் தொடங்கினால், கடலிலிருந்து எத்தனையோ தொலைவில் உள்ள மலையிலும் ஒரு மெல்லிய ஓயாத முனகல் தெரியும். அது கடலலைகள் பூமியை அசைக்கும் அசைவு.

8. பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பூமியின் உட்கருவம் திடமானது என்பதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பை 1936இல் வெளியிட்டவர் டென்மார்க்கின் இங்கே லேமன் என்னும் பெண்மணி. கணினி இல்லாத காலத்தில், அலைகளின் வருகை நேரங்களைக் கையால் ஒப்பிட்டு, உள்ளே மற்றொரு எல்லை இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். களத்தில் தங்குமிடம், கழிப்பறை, பாதுகாப்பு என நடைமுறைச் சிரமங்கள் உண்டு. அவற்றைத் தீர்ப்பது குழுத்தலைவரின் கடமை. சேரும் முன்பே அதைக் கேட்டுத் தெளிவுபெறுவது மாணவியின் உரிமை.

9. துளையிட்டுப் பார்க்கவே முடியாத ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மனிதர் இட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது, 12 கி.மீ.யைச் சற்றே தாண்டியது. திபெத்தின் மேலோடோ சுமார் 70 கி.மீ. தடிமன், வழக்கமான கண்ட மேலோட்டைப் போல் இரு மடங்கு. இதை அலைகளே சொல்கின்றன. 1909இல் குரோவேஷியாவில் நிகழ்ந்த ஒரு நடுக்கத்தின் பதிவுகளில், சில அலைகள் எதிர்பார்த்ததைவிட முன்பாக வந்திருப்பதை ஆந்திரியா மோஹோரோவிசிச் கண்டார். அவை ஆழத்தில் வேகம் கூடிய ஒரு அடுக்கின் வழியாக வந்திருந்தால்தான் அது இயலும். மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையே உள்ள அந்த எல்லையை இன்றும் அவர் பெயரால் ‘மோஹோ’ என்கிறோம்.

இன்று நாங்கள் செய்வதும் அதன் நீட்சியே. தொலைவில் எங்கோ நிகழும் பெருநடுக்கத்தின் முதன்மை அலை, திபெத்தின் அடியிலிருந்து மேலேறி வரும்போது மோஹோவைத் தொட்டதும் அதன் ஒரு பகுதி இரண்டாம் நிலை அலையாக மாறிவிடுகிறது. மாறியது மெதுவாக வரும். மாறாதது முந்தி வரும். 35 கி.மீ. தடிமனுள்ள இடத்தில் இரண்டுக்கும் இடைவெளி 4 நொடி அளவில் இருக்கும். திபெத்தில் அது 8 நொடியைத் தாண்டும். ஆகவே நடுக்கமே நிகழாத இடத்தின் அடியையும், பிற இடத்து நடுக்கத்தின் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

10. இவ்வளவு தெரிந்தும் தேதி மட்டும் ஏன் சொல்ல முடியவில்லை?

பிளவுப்பரப்பு எங்கே, எந்த நொடியில் முதலில் நழுவும் என்பது பல கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள உராய்வையும், நீரின் அழுத்தத்தையும், பாறையின் சிறுசிறு முரடுகளையும் பொறுத்தது. அவற்றை நேரடியாக அளக்கும் வழி இல்லை. சிறிதாகத் தொடங்கும் நழுவல் சிறிதாகவே நின்றுவிடுமா, நூறு கிலோமீட்டர் ஓடுமா என்பதும் தொடக்கத்தில் தெரிவதில்லை.

1975இல் சீனாவின் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகள் பெருகியதைக் கண்டு மக்களை வெளியேற்றியதால் பல உயிர்கள் தப்பின. கணிப்பு கைகூடிவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் டாங்ஷான் நகரில் எச்சரிக்கை ஏதுமின்றி வந்த நடுக்கத்தில் 2,40,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலான நடுக்கங்களுக்கு அடையாளம் காணத்தக்க முன்னதிர்வுகள் இருப்பதில்லை. இருந்தாலும் அவை முன்னதிர்வுகள்தாம் என்பது பெரியது வந்த பிறகே தெரிகிறது. தேதி, இடம், அளவு மூன்றையும் சேர்த்து முன்கூட்டிச் சொல்வதாக யாரேனும் செய்தி பரப்பினால் அதை நம்பாதீர்கள், பகிராதீர்கள்.

11. ‘இங்கே பெரிய நிலநடுக்கம் பாக்கி இருக்கிறது’ என்று நீங்களே சொல்கிறீர்களே, அது கணிப்பு இல்லையா?

நியாயமான கேள்வி. 2ஆம் பதிலில் சொன்ன 2 செ.மீ. கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் 200 ஆண்டுகளாகப் பெருநழுவல் இல்லையென்றால், 4 மீட்டர் நழுவல் அங்கே சேர்ந்திருக்கிறது. இது இருப்புக் கணக்கு. அது எந்த நாளில், ஒரே தவணையிலா பல தவணைகளிலா செலவாகும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. ஆனாலும் அணையையும் மருத்துவமனையையும் எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்று தீர்மானிக்க இது போதும். கட்டட விதிகள் எழுதப்படுவது இத்தகைய கணக்குகளைக் கொண்டுதான்.

கணக்கின் பழைய பக்கங்களை எப்படி அறிகிறீர்கள் என்று உடனே கேட்பார்கள். கருவிப் பதிவுகள் சுமார் 130 ஆண்டுகளுக்கு மட்டுமே உள்ளன. அதற்கு முந்தியதற்கு, பிளவு நிலத்தை அடையும் இடத்தில் நீளப் பள்ளம் வெட்டி, சுவரில் எந்த மண்ணடுக்கு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று கோடு கோடாக வரைந்து, அடுக்குகளில் சிக்கிய கரித்துண்டுகளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணிக்கிறோம். நேபாளத்தின் இமய அடிவாரத்தில் இவ்வாறு ஆராய்ந்தபோது, 1934ஆம் ஆண்டின் பெருநடுக்கமும், மன்னர் அபய மல்லரின் உயிரைப் பறித்ததாகக் குறிப்புகளில் உள்ள 1255ஆம் ஆண்டின் நடுக்கமும் நிலத்தைக் கிழித்த தடயங்கள் கிடைத்தன. இரண்டு தேதிகளைக் கொண்டு ‘இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்று அட்டவணை போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

12. கைப்பேசியில் முன்னெச்சரிக்கை வருகிறதே, அப்படியென்றால் கணித்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

அங்கே நடுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 6ஆம் பதிலில் கூறிய இரு அலைகளில் முந்தி வரும் மெல்லிய அலையை அருகிலுள்ள கருவி பிடித்து, மின்வழியே செய்தியை அனுப்ப, வலிய அலை தொலைவிலுள்ள ஊரை அடைவதற்குள் சில நொடிகள் கிடைக்கின்றன. 100 கி.மீ. தொலைவில் இருபது நொடி அளவுக்குக் கிடைக்கலாம். ரயிலை மெதுவாக்கவும் மேசைக்கடியில் புகவும் அது உதவும். நடுக்கத்தின் நேர் மேலே இருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. மோதல் மண்டலங்களில் பிளவு ஊர்களின் அடியிலேயே இருப்பது இந்த முறைக்குப் பெரிய இடையூறு.

13. முதலில் ஒரு அளவு சொல்கிறீர்கள், பிறகு மாற்றுகிறீர்கள். எதை நம்புவது?

பிந்தியதை. முதல் சில நிமிடங்களில் கிடைப்பது அலையின் ஒரு பகுதி மட்டுமே. 2004 சுமத்ரா நடுக்கத்தில் பிளவு ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குச் சுமார் பத்து நிமிடம் கிழிந்துகொண்டே போனது; முதலில் 8 என்று அறிவிக்கப்பட்டது பின்னர் 9ஐத் தாண்டியது. ஓர் அலகு கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதால் இது சிறிய திருத்தமல்ல. செய்திகளில் இன்னும் ‘ரிக்டர்’ என்று எழுதினாலும், பெரிய நடுக்கங்களுக்கு இப்போது பயன்படுவது 1979இல் வகுக்கப்பட்ட திருப்புத்திறன் அளவுகோல். நழுவிய பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் கொண்டு அது கணக்கிடப்படுகிறது.

14. கணினியே அலைகளைப் படித்துவிடுகிறது என்கிறார்கள். பத்து ஆண்டு படித்து வெளியே வரும்போது வேலை இருக்குமா?

அலைகளின் வருகை நேரத்தைக் குறிக்கும் வேலையை இயந்திரக் கற்றல் இப்போது மிகவும் நன்றாகவே செய்கிறது. மனிதர் தவறவிட்ட சிறு நடுக்கங்களையும் கண்டுபிடிக்கிறது. அதனால் எங்கள் பட்டியல்கள் பன்மடங்கு நீண்டிருக்கின்றன. ஆனால் 7ஆம் பதிலில் சொன்ன தவறான வடக்கை அது அறியாது. பட்டியலில் உள்ள புள்ளிகள் ஒரே பிளவா, இரண்டா என்பதையும் தானாகத் தீர்மானிக்காது. கையால் ஆயிரம் அலைகளைக் குறித்துப் பழகிய கண்ணுக்குத்தான் கணினியின் பிழை தெரிகிறது. அந்தப் பழக்கத்தைத் தவிர்த்துவிட்டு நேரே நிரலுக்குப் போகும் மாணவர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு.

வேலை எங்கே என்றால்: அரசுக் கண்காணிப்பு மையங்கள், பல்கலைக்கழகங்கள், அணை, அணுமின் நிலையம் ஆகியவற்றின் இட ஆய்வு, காப்பீட்டு நிறுவனங்களின் அபாய மதிப்பீடு, எண்ணெய்-எரிவாயுத் தேடல். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய வியன்னாவிலிருந்து இயங்கும் பன்னாட்டுக் கண்காணிப்பு வலையமைப்பில் மட்டும் 170 நில அதிர்வு நிலையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. ஊதியம் எண்ணெய்த் துறையில் அதிகம், ஆய்வில் மிதம். முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் மாறி ஊர் செல்லும் காலம்தான் உண்மையில் கடினமானது. குடும்பத்தோடு அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

15. தவறாகச் சொன்னால் சிறைக்குப் போக வேண்டுமாமே?

இத்தாலியின் லாக்விலா நகரில் 2009 ஏப்ரல் 6 அன்று 309 பேர் இறந்த நடுக்கத்துக்குப் பின், ஆறு அறிவியலாளர்களுக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012இல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. கணிக்கத் தவறியது அங்கே குற்றச்சாட்டு அல்ல. தொடர் சிறுநடுக்கங்களால் அஞ்சியிருந்த மக்களிடம், அபாயத்தைச் சரியாக எடைபோடாமல் அச்சமில்லை என்ற தோற்றம் பரவ இடமளித்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

‘வராது’ என்று சொல்வதற்கும் ‘வரும்’ என்று சொல்வதற்குத் தேவைப்படும் அதே அளவு சான்று தேவை. ஒலிவாங்கியின் முன் நிற்கும்போது, பதற்றத்தைத் தணிக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே நம்மைத் தவறான சொல்லுக்கு இழுக்கும். ‘வாய்ப்பு சற்றுக் கூடியிருக்கிறது, ஆயினும் குறைவே, வீட்டின் உறுதியைப் பாருங்கள், வெளியேறும் வழியைத் தெரிந்துவையுங்கள்’ என்பதுபோல் பேசப் பயிற்சி வேண்டும். அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாக வற்புறுத்திவருகிறேன்.

16. தட்டுகளைப் பற்றி எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதே, எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிகழ்ந்த 7.8 அளவு நடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்க்காவில் தொடங்கிய பிளவு கிழக்கே சுமார் 140 கி.மீ. ஓடியது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு சுமார் ஒரு மீட்டர் உயர்ந்து, ஒன்றரை மீட்டருக்கும் மேலாகத் தெற்கே நகர்ந்தது. செயற்கைக்கோள் ஏற்பிகள் நொடிக்கு நொடி அதைப் பதிவுசெய்தன. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. இடிந்த வகுப்பறைகள் காலியாக இருந்தன. இந்த எண்களை அட்டவணையில் நிரப்பும்போது கை தயங்கும், தயங்கட்டும்.

அந்தப் பிளவு நிலமட்டம்வரை வரவில்லை, ஆழத்திலேயே நின்றுவிட்டது. காத்மாண்டுவுக்குத் தெற்கே, அதே பிளவுப்பரப்பின் மேற்பகுதி நழுவாமல் கிடக்கிறது. அது ஏன் நின்றது? நிறுத்தியது பரப்பின் வளைவா, உராய்வின் மாற்றமா, பழைய நடுக்கங்கள் விட்டுச்சென்ற இருப்பின் குறைவா? நழுவாத பகுதி மெதுவாகத் தானே ஊர்ந்து தீருமா, மற்றொரு நடுக்கத்தில் ஒன்றாகக் கிழியுமா? பின்னதிர்வுப் பதிவுகளையும் செயற்கைக்கோள் அளவீடுகளையும் கொண்டு இதை இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தரவுகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மடிக்கணினி இருந்தால் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே நீங்கள் அதைத் திறந்து முதல் அலையைக் குறிக்கலாம்.